இரைச்சல் நீங்கிய கிட்டார்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு மைக்செட்காரரிடமிருந்து கிடைத்தது. ஒரு மதியம் அவர் தன் கிடங்கில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டே சொன்னார், நான் டீ குடித்துக்கொண்டே கேட்டேன். அவர் சொன்னது மொத்தம் நாலைந்து வாக்கியம். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. எங்களைப் போன்றவர்கள் இதை ‘வாழ்க்கையிலிருந்து எடுத்தது’ என்போம். யாருடைய வாழ்க்கையிலிருந்து, கேட்டு எடுத்தாயா என்று இதுவரை ஒரு வாசகரும் விசாரித்ததில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[அவர் கிட்டாரைத் தொட்டபோது உலகமே மௌனமா

வாக்கியம் முடிவதற்குள் எனக்கே குமட்டியது. எந்தக் கிட்டாருக்காகவும் உலகம் மௌனமானதில்லை. அடுத்து:

[எல்லா மனிதருக்குள்ளும் ஓர் இரைச்சல் ஓயாமல்

இது அதைவிட மோசம். இரைச்சல் என்ற சொல்லைக் கண்டதும் மனித மனத்துக்குள் தலைகுப்புறப் பாயாமலிருக்க எழுதுகிறவர்களால் முடிவதில்லை. இந்தக் கதையில் இரைச்சல் என்றால் வெறும் இரைச்சல்தான். கரண்டிலிருந்து வருவது. ‘ம்ம்ம்ம்’ என்று.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன் எலெக்ட்ரிக் கிட்டாரில் இருந்த பழைய பிக்கப்புகளைக் கழற்றிவிட்டு, இரைச்சல் வராத பிக்கப்புகளைப் போட்டார். அவ்வளவுதான் கதை. பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2.

குழுவில் எல்லோரும் அவரை டோன் என்பார்கள். வாயைத் திறந்தால் டோன், அதாவது ஓசையின் குணம், என்பதால் வந்த பெயர். பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தாலும் டோன், வேன் ஹாரன் அடித்தாலும் டோன். “இந்த ஹாரன்ல கொஞ்சம் கனம் பத்தல” என்று டிரைவரிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். வயது ஐம்பத்திரண்டு. பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. அதில் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. சனி, ஞாயிறு மாலைகளில் தங்கை கணவர் நடத்துகிற மெல்லிசைக் குழுவில் கிட்டார். கம்பெனி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு, குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற குழு.

கிட்டார் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். (தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். இல்லாவிட்டால் தப்பு கண்டுபிடித்துக் கடிதம் எழுதுவீர்கள்.) கம்பிகளுக்குக் கீழே குறுக்காக மூன்று நீள வெள்ளைப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. இதுதான் பிக்கப். மேலே கம்பி அதிர்ந்தால் உள்ளே மின்சாரம் பிறந்து ஸ்பீக்கருக்குப் போகும். ஒற்றைச் சுருள் பிக்கப்பிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கம்பியோடு சேர்த்து அக்கம்பக்கத்து டியூப்லைட், டிரான்ஸ்ஃபார்மர், மேடை விளக்கு எல்லாவற்றின் முணுமுணுப்பையும் இழுத்துவந்துவிடும். ஒரு பக்கம் திரும்பி நின்றால் முணுமுணுப்பு குறையும், இன்னொரு பக்கம் திரும்பினால் கூடும். டோன் ஒவ்வொரு மேடையிலும் குறைகிற திசையைத் தேடிக் கண்டுபிடித்து நிற்பார். சில மேடைகளில் அந்தத் திசை கூட்டத்துக்கு முதுகைக் காட்டுவதாக அமைந்துவிட்டது.

இரைச்சல் வராத வகையில் சுருள் இரண்டு. மேல் சுருள் கம்பியையும் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். கீழ்ச் சுருள் இரைச்சலை மட்டும் தலைகீழாகப் பிடிக்கும். இரண்டு இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும், கம்பியின் ஓசை மிஞ்சும். கடையில் கிடைக்கிறது, வீட்டிலேயே மாற்றலாம். டோன் நான்கு வருடம் இதைத் தொடமாட்டேன் என்றார்.

“சத்தத்த எடுக்கிறேன்னு உயிரையும் சேத்து எடுத்துருவான். அசல் ஒத்தச் சுருள் டோன் அதுல வராது.”

ஒருவர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைக் கட்டி, இரண்டு வகையையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்.* பத்துக்கு நான்கைச் சரியாகச் சொன்னார் டோன். காசைச் சுண்டிப் போட்டிருந்தால் ஐந்தாவது வந்திருக்கும். கண்ணைக் கட்டியதால் காது குழம்பிவிட்டது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

* சோதனை வைத்தவர் யாரென்று இப்போதைக்குச் சொல்ல விருப்பமில்லை.

3.

[ஒரு கலைஞனின் பிடிவாதம் உடைகிற தருணம்

வேண்டாம். பிடிவாதம் எப்படி உடைந்தது என்பதைச் சொன்னால் போதும்.

ஒத்திகை அறை ஒரு டயர் கடையின் மாடியில். பாடுகிறபோது கீழே டயர் கழற்றுகிற சத்தம் தாளத்தில் சேராமல் வரும். அன்று ஒத்திகை முடிந்து எல்லோரும் வயரைச் சுற்றும்போது, குழுத் தலைவரான தங்கை கணவர் டோனின் பக்கத்தில் வந்து நின்றார். இவரை எல்லோரும் மாப்பிள்ளை என்பார்கள், டோன் அப்படிக் கூப்பிடுவதால்.

“மச்சான், வர்ற ஞாயித்துக்கெழம ஆண்டு விழாவுக்கு நம்ம மிக்ஸர் போர்டுலேர்ந்தே நேரா ரெக்கார்டு பண்றாங்க. உங்க கிட்டார் சத்தம் போடுதே, அது அதுல வந்தா அசிங்கம்.”

“பாத்துக்கலாம் மாப்ள. நான் தள்ளி நின்னுக்கிறேன்.”

“இல்ல மச்சான். இந்த ஒரு ப்ரோக்ராம் நீங்க ரெஸ்ட் எடுத்துக்கங்களேன்.”

டோனின் முகத்தில் ஈயாடவில்லை. ‘ஒரு ப்ரோக்ராம் ரெஸ்ட்’ என்றால் என்னவென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். புல்லாங்குழல்காரரிடம் இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே குரலில் இதே வார்த்தையைச் சொன்னார்கள். அவர் இன்னமும் ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

“பிக்கப்ப மாத்திடறேன் மாப்ள,” என்றார் டோன். “ஒரு துளி சத்தம் வராது. வந்தா நானே போயிடறேன்.”

நான்கு வருடத்து அசல் டோன் கொள்கை நான்கு நொடியில் காற்றில் போனது. கொள்கை என்பதன் ஆயுள் பொதுவாக அவ்வளவுதான், எழுத்தாளர்களிடமும் பார்த்திருக்கிறேன்.

4.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, அதன்மேல் கிட்டாரைப் படுக்கவைத்து, நெற்றியில் கடையின் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார் டோன்.

“சாப்பிடுற எடத்துல ஈயத்தக் கொண்டாந்து வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?” என்றார் மனைவி.

“ஒரு மணி நேரம்.”

“போன தடவ வீடியோவுல உங்களக் காணவே காணோம். இதுல இது ஒண்ணுதான் கொறச்சல்.”

“கேமராக்காரன் ஒரு ஞானசூன்யம்.”

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினார். வெள்ளைத் தகட்டின் பதினோரு திருகாணிகளையும் எடுத்து, எது எந்த ஓட்டையோ அதே வரிசையில் ஒரு காகிதத்தில் குத்தி வைத்தார். தகட்டை முழுதாக வெளியே எடுக்க வசதியாக, ஒயர் செருகுகிற ஜாக்கிலிருந்த இரண்டு இணைப்புகளையும் விடுவித்தார். பழைய பிக்கப் மூன்றையும் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்தார், எதற்கோ. புதியவற்றைப் பொருத்தி ஒவ்வொரு இணைப்பையும் பற்றவைத்தார். ஒவ்வொன்றும் பாதரசத் துளியாகப் பளபளத்தது. இந்த மனிதர் இதே கவனத்தில் பாதியை வாசிப்பில் காட்டியிருந்தால் [இந்த வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று பின்னால் முடிவு செய்தேன்.

கடைசியாக ஜாக்கின் இரண்டு ஒயர்கள். அதற்குள் வாசலில் வேன் வந்து ஹாரன் அடித்தது. பற்றவைத்த ஈயம் தானாக உறைய வேண்டும், அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. டோன் குனிந்து ‘ஃபூ’ என்று ஊதினார்.

முப்பது வருடமாக லென்ஸில் ஒட்டிய தூசியை ஊதுகிற வாய். அது தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. ஊதிய ஈயம் பளபளக்காமல் சாம்பல் நிறத்தில் சுருங்கி உறைந்தது. ஒட்டினது மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. டோன் அதைப் பார்க்காமல் தகட்டைத் திருகி, கம்பி மாட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

5.

கம்பெனியின் மண்டபத்தில் நாற்காலிகளுக்கெல்லாம் துணி உடுத்தியிருந்தார்கள். மேடையில் வாசிப்பவரின் காலடியில், அவருக்கு மட்டும் கேட்பதற்காக ஒரு சின்ன ஸ்பீக்கர் சாய்த்து வைத்திருப்பார்கள். மானிட்டர் என்று பெயர். டோன் ஒயரைச் செருகினார், குமிழை முழுதாகத் திருகினார், கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

மானிட்டரில் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் திரும்பினார், இல்லை. அந்தப் பக்கம் திரும்பினார், இல்லை. மேடை விளக்குகள் அத்தனையும் எரிய, கூட்டத்தை நேருக்கு நேர் பார்த்து நின்றார், அப்போதும் இல்லை. ஒரு கம்பியைத் தட்டினார். மணி மாதிரி வந்தது.

டோனின் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயது மனிதர், ஒன்றுமே கேட்காததற்காக மேடையில் அழுதார். நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன்.

மூன்றாவது பாட்டின் நடுவே, காலடியில் கிடந்த ஒயரைப் பாடகி மிதித்தார். ஜாக்கில் ஓர் இழுப்பு. மானிட்டர் செத்தது.

டோன் குமிழைத் திருகினார், ஸ்விட்சைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பாட்டை நிறுத்த முடியாது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துவிடக் கூடாது. என்ன செய்வார்? கை போகிறபடி போகட்டும் என்று வாசிப்பதுபோல அசைத்துக்கொண்டே நின்றார். நாலு, அஞ்சு, ஆறு பாட்டுகள் போயின. வேட்டி அவிழ்ந்தவன் அதை வெளிக்காட்டாமல் நிற்பதைப்போல நின்று சமாளித்தார்.

ஏழாவது பாட்டு வந்தது. அது கிட்டாரில்தான் தொடங்கும். நான்கு தட்டு எண்ணினால் ஒரு பார், அப்படி எட்டு பார், வேறு எந்த வாத்தியமும் கிடையாது, தனிக் கிட்டார். டோனுடைய எட்டு பார் அது. டிரம்ஸ்காரர் குச்சியால் ஒண்ணு ரெண்டு மூணு நாலு தட்டிவிட்டார். இனி மறைக்க வழியில்லை, எல்லோர் முன்னாலும் மானம் போகப்போகிறது என்று டோனுக்குத் தெரிந்தது. கை கம்பிமேல் மரத்துப்போய் நின்றது.

கிட்டார் வந்தது.

மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து, கணீரென்று, எட்டு பாரும் ஒரு சுரம் பிசகாமல் வந்தது. டோன் தன் கையைப் பார்த்தார். அது அசையவேயில்லை. இடது பக்கம் பார்த்தார். கீபோர்டுகாரர் தலையைக் குனிந்துகொண்டு வாசித்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மாப்பிள்ளை ஓடிவந்து தோளில் கைபோட்டார். “மச்சான், ஒரு துளி சத்தம் இல்ல. இன்னைக்குதான் மச்சான் நீங்க கிட்டார் வாசிச்சீங்க!”

6.

செவ்வாய்க்கிழமை மதியம் டோன் கடையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டு மைக்செட்காரரின் கிடங்குக்குப் போனார்.

“என் சேனல் எவ்வளவு நாளா எறங்கியிருக்கு?” என்றார். மிக்ஸர் போர்டில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு சேனல், அதை இறக்கினால் அந்த வாத்தியம் மண்டபத்தில் கேட்காது.

வயர் சுற்றுகிற கை நின்றது. “எந்தச் சேனல்ணே?”

“காதுல பூ சுத்தாத. பத்தாவது சேனல்.”

மைக்செட்காரர் வயரைக் கீழே வைத்தார். “நாலு வருஷம் இருக்கும்.”

“எனக்குக் கேட்டுச்சே?”

“மானிட்டருக்குத் தனிக் குமிழ்ணே. உங்களுக்கு மட்டும் குடுப்பேன். வெளிய போகாது.”

“யார் எறக்கச் சொன்னது?”

“ஒரு ப்ரோக்ராம்ல சத்தம் ரொம்ப வந்துச்சு. எறக்குன்னாரு மாப்பிள்ளை சார். எறக்கினேன். அப்புறம் ஏத்துன்னு சொல்லல, மறந்துட்டாருன்னு நெனைக்கிறேன். நானும் கேக்கல.” பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “கிட்டார் எங்கன்னு ஒருத்தரும் வந்து கேக்கலண்ணே,” என்றார்.

“அந்த எட்டு பார்?”

“கீபோர்டு சார் வாசிப்பாரு. கிட்டார் சவுண்டு அதுலயே இருக்குல்ல.”

டோன் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். இரைச்சலை ஒழிக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று பிக்கப் மாற்றினவர். அந்த இரைச்சல் நான்கு வருடத்துக்கு முன்பே ஒழிந்துவிட்டிருந்தது, அவரோடு சேர்த்து.

7.

இங்கே கதையை நிறுத்துகிறேன்.

கீபோர்டு சார் நான்தான்.

கிடங்கில் டீ குடித்ததாக முதலில் சொன்னது பொய்யில்லை. மைக்செட்காரர் என்னைக் கூப்பிட்டுவிட்டது கதை சொல்வதற்காக அல்ல, உஷார்ப்படுத்துவதற்காக. “டோன் அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு சார், பாத்துக்கங்க.” பார்த்துக்கொள்வதற்காக வீட்டுக்கு வந்து நான் எழுத உட்கார்ந்தேன். என் வழக்கம் அது. கண்ணைக் கட்டிச் சோதனை வைத்த ஆளும் நான்தான். அந்தச் சோதனையில்கூட எட்டாவது தடவை ஒரே பிக்கப்பை இரண்டு முறை போட்டேன், விளையாட்டுக்கு.

இதுவரை நான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எவ்வளவு கேலி. ஒருவருடைய இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவரைக் கேலி செய்வது தேவைப்படுகிறது. அவர் ஒன்றுக்கும் உதவாதவர் என்று ஆகிவிட்டால் நான் எடுத்தது ஒன்றுமில்லை என்றும் ஆகிவிடும் அல்லவா? (மேல் சுருளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கீழ்ச் சுருள் நான்தான் என்று புத்திசாலி வாசகர் யாராவது சொல்லக்கூடும். கீழ்ச் சுருள் இரைச்சலை மட்டும்தான் கொல்லும் ஐயா. நான் கம்பியையும் சேர்த்துக் கொன்றேன்.)

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) டோன் மேடையில் கிட்டாரைத் தூக்கி அடித்து நொறுக்குகிறார். நடக்காது. கழற்றின பிக்கப்பையே பஞ்சில் சுற்றி வைக்கிற மனிதர்.

ஆ) மாப்பிள்ளை அழுது மன்னிப்புக் கேட்கிறார், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், கூட்டம் எழுந்து கைதட்டு [போதும்.

இ) எல்லாம் தெரிந்தபின்னும் டோன் தொடர்ந்து வருகிறார், தன் மானிட்டருக்கு மட்டும் வாசிக்கிறார், உண்மையான கலைஞன் தனக்காகவே வாசிக்கிறான். இதற்குப் பரிசு கிடைக்கும். பரிசுக் குழுவில் இருப்பவர்கள் யாருடைய சேனலையும் யாரும் இறக்கியதில்லை போலிருக்கிறது.

8.

இன்று காலை டோன் என் வீட்டுக்கு வந்தார். எழுதின தாள்கள் மேசைமேல் கிடந்தன, அவசரமாக ஒரு பத்திரிகையைத் தூக்கி மேலே போட்டேன். திருட்டு முழி முழித்திருப்பேன். அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, கிட்டாரின் ஜாக்கைக் கழற்றி என் முகத்துக்கு நேரே காட்டினார்.

“தம்பி, பாருங்க. இப்ப பளபளன்னு இருக்கா?”

“இருக்குண்ணே.”

“ஊதிட்டேன் அன்னைக்கு. சுத்த முட்டாள்தனம்.” திரும்பத் திருகி மூடினார். “இன்னைக்கு ப்ரோக்ராம்ல அந்த எட்டு பார நீங்க வாசிக்க வேண்டாம்.”

நான் மேசைமேல் போட்ட பத்திரிகையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினேன். “மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றேன்.

“சொல்லல. சொன்னா தங்கச்சி வரைக்கும் போகும். அது அழும்.”

“மைக்செட்டு?”

“ஏத்தறேன்னான். ஏத்துவானான்னு தெரியாது. அவனுக்கும் வேலை குடுக்கிறது மாப்ளதானே.”

“அவர் ஏத்தாம, நானும் வாசிக்காம விட்டா? எட்டு பார் மயான அமைதியா இருக்கும்ணே. குழு மானமே போயிடும். நம்ம ரெண்டு பேரையுமே தூக்கிடுவாரு.”

“இருக்கட்டும் தம்பி. என் எடம் காலியா இருக்குன்னாவது ஒரு தடவ கேக்கட்டும்.”

நான் “சரிண்ணே” என்றேன். எந்த மாதிரியான சரி அது என்று எனக்கே தெரியவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

“அஞ்சாவது பார்ல விரல் கொஞ்சம் லேட்டா இழுக்கும்ல. அன்னைக்கு நீங்க வாசிச்சதுலயும் அப்படியே இருந்துச்சு. அது நான் பண்ற தப்பு தம்பி. அந்த எடத்துல என் சுண்டுவிரல் எட்டாது. அதையும் எதுக்குச் சேத்தீங்க?”

பதில் இருந்தது. சொல்லவில்லை. அவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடக் கூடாதென்று மூன்று வாரம் இராப்பகலாக அவர் வாசித்த பழைய பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்தத் தாமதத்தை வயிற்றுக்குள் இறங்குகிற மட்டும் கேட்டுப் பழகி, அப்படியே செய்தேன். நாலு வருடத்தில் டோன் வாசித்ததை அவ்வளவு கூர்ந்து கேட்டவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். அந்தத் தாமதம் அழகாக இருந்தது. தப்பு என்று எனக்குத் தோன்றவேயில்லை. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எழுதத்தான் தெரிகிறது எனக்கு.

இப்போது மணி மூன்று. வேன் நான்குக்கு வரும். இன்றைய பட்டியலில் அந்தப் பாட்டு நான்காவது, ஏழு மணியை ஒட்டி வரும். கதையின் முடிவும் அப்போதுதான் வரும். அதுவரை காத்திருந்து எழுதலாம் என்பீர்கள். மாட்டேன். நடந்தபின் எழுதினால் நான் என்னை நல்லவனாக எழுதிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

அதனால் நீங்களே சொல்லுங்கள். இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே, சும்மா உட்கார்ந்து முடிவு கேட்டால் எப்படி? ஏழு மணி ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், டிரம்ஸ்காரர் எண்ணத் தொடங்கிவிட்டார். மைக்செட்காரரின் கை எங்கே இருக்கிறதென்று மேடையிலிருந்து தெரியாது. மாப்பிள்ளை என்னைப் பார்க்கிறார். டோன் என்னைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்க்கிறார். என் இரண்டு கையும் கீபோர்டின்மேல் இருக்கின்றன.

எடுக்கட்டுமா?